நோட்டீஸில் ஏறிய பெயர்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தோன்றியது துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால். 1976ஆம் வருடம், இலைகளெல்லாம் கொட்டி முடிந்திருந்த சமயம். டொரன்டோவில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடி ஒன்றில் அண்ணன், அண்ணியோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை. அங்கே ஒரு மனிதர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, சுற்றுகிற துணிகளைப் பார்த்தபடி தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இந்தி. அப்பாவுக்கு டெல்லியில் மத்திய அரசு வேலை என்பதால் பள்ளிப்படிப்பு முழுக்க எனக்கு அங்கேதான். தமிழ் வீட்டில், இந்தி தெருவில். அதனால் அவர் சொல்வது புரிந்தது. ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை பெய்கிறது என்று எழுத அனுமதி கேட்டோம். குடைக்கு மட்டும் அனுமதி வந்தது." கொஞ்சம் யோசித்துவிட்டு, குடைக்குப் பதிலாகச் செருப்பு. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குடை.

அந்தக் குரல் எனக்குத் தெரியாது. முகம் தெரியும். டெல்லியில் நாங்கள் வாங்கிய இந்தி வார இதழின் கடைசிப் பக்கத்தில், அவருடைய பத்திக்கு மேலே தபால்தலை அளவுக்கு அந்த முகம் வரும். புத்தகம் வீட்டுக்குள் வந்ததும் நான் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். கதைகளும் எழுதுவார், வெள்ளம், பஞ்சம் என்றால் ஊர் ஊராகப் போய்ச் செய்தியும் எழுதுவார். அப்படிப்பட்டவர் இங்கே, ஒரு கையில் ஒற்றைக் காலுறையோடு.

"நீங்கள் அவர்தானே?" என்று பெயரைச் சொல்லி இந்தியில் கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார்.

அந்தப் பார்வையை நான் அப்போதே படித்திருக்க வேண்டும். என் மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. இவருடைய வாழ்க்கையை நான் தமிழில் எழுதப்போகிறேன். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. என் சுபாவம் அப்படி. மின்தூக்கி பதினான்காவது மாடிக்கு வருவதற்குள் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரை யோசித்துவிட்டேன்.

அதன் பிறகு வாராவாரம் துணி துவைக்கும் நாளில் அவரைப் பார்த்தேன். 'பிட்டியா' என்று கூப்பிடுவார், நாம் 'அம்மாடி' என்கிற மாதிரி. கங்கைக்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தது, அச்சகத்தில் பிழை திருத்துபவராகத் தொடங்கியது, வெள்ளச் செய்திக்காகப் போன இடத்தில் கூரை மேலேயே இரண்டு நாள் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே முதல் கதையை எழுதியது என்று ஒவ்வொன்றாக வந்தது. நெருக்கடி நிலை வந்ததும் பத்திரிகைப் பக்கங்களைத் தணிக்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும் என்றானது. கூட வேலை பார்த்தவர்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு, தங்கையைப் பார்க்க வருவதாகச் சொல்லி இங்கே வந்துவிட்டார். லக்னோவில் பள்ளி ஆசிரியையாக இருந்த மனைவிக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்குகிறார். இதைச் சொல்லும்போது மட்டும் கை தானாகப் புறங்கழுத்துக்குப் போகும்.

ஒருநாள் ஜெரார்ட் தெரு மளிகைக் கடையில் பருப்பு வாங்கப் போனேன். கல்லா மேசையில் அப்பளக் கட்டுகளுக்கு அடியில் இந்தியில் தட்டச்சு செய்த ஒரு தாள். டெல்லி ஆட்சியைக் கிண்டல் செய்து யாரோ எழுதி, படியெடுத்து, பல ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த தாள். நடுவில் அந்த வாக்கியம். மழை, அனுமதி, குடை. கீழே நான் கேள்வியே படாத ஒரு பெயர்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அது அவருடைய புனைபெயர் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாங்கள் சேர்ந்தால் இதுதான் விளையாட்டு. எந்தப் புனைபெயருக்குப் பின்னால் யார்? முதலில் சொல்கிறவருக்கு மற்றவர்கள் காபி வாங்கித் தர வேண்டும். நம் பத்திரிகைகளில் ஒரு எழுத்தாளரை அறிமுகம் செய்தால் இயற்பெயர், ஊர், புனைபெயர் இத்தனையும் போட்டால்தானே மரியாதை. அந்த வளர்ப்பில் வந்தவள் நான்.

தமிழ்ச் சங்கத்தின் ஜனவரிப் பொங்கல் விழாவுக்கு அவரைப் பேச அழைக்கலாம் என்று டிசம்பரில் சொன்னதும் நான்தான். சங்கச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கெல்லாம் முன்பே வந்தவர், வங்கியில் வேலை. எல்லாரும் அவரை அண்ணை என்பார்கள், நானும் அப்படியே. எழுத்தாளரும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: "அரசியல் வேண்டாம், பிட்டியா. நதிக்கரைக் கதைகள் சொல்கிறேன். வெறும் கதைக்காரனாக வருகிறேன்."

நோட்டீஸுக்கு விவரம் கேட்டு அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லாம் சொன்னேன்.

"புனைபெயர் ஒண்டும் இல்லையோ தங்கச்சி?"

"கட்டாயம் வேணுமா அண்ணை?"

"எழுத்தாளர் எண்டு போட்டிட்டுப் புனைபெயர் போடாட்டி சனம் என்ன நினைக்கும்? உந்தப் பிள்ளைக்கு விசயம் தெரியாது எண்டு எல்லே சொல்லுவினம்."

அது போதும் எனக்கு. சொல்லிவிட்டேன். நோட்டீஸில் இரண்டு வரி கூடியது.

மூன்றாம் நாள் அண்ணை நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அன்று மாலை எழுத்தாளர் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்திருந்தார். தமிழ் எழுத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய், படி பார்க்கலாம்" என்றார். நான் எழுந்து நின்று, மேடையில் நிற்கிற தோரணையில், தமிழைப் பார்த்து இந்தியில் சொல்லத் தொடங்கினேன். ஊர், பத்திரிகை, கதைகள். பிறகு, இன்ன பெயரில் இன்றும் துணிச்சலாக எழுதிவருபவர் என்று…

அந்தப் பெயரை இந்தியில் சொன்னபோது என் குரலை நானே கேட்டேன். தமிழில் படிக்கும்போது பாராட்டாக இருந்தது. இந்தியில் அது யாரோ அவரைக் காட்டிக் கொடுப்பது போல ஒலித்தது.

அவர் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது எங்கெல்லாம் போயிருக்கிறது?" என்றார்.

அண்ணையைக் கூப்பிட்டேன். எண்ணைத் தப்பாகச் சுற்றி, மறுபடியும் சுற்றினேன்.

"பயப்பிடாதை. எல்லாம் என்ரை கார் டிக்கிக்குள்ளைதான் கிடக்கு. தபாலிலை போட ஸ்ராம்ப் இன்னும் வாங்கேல்லை." என் உயிர் திரும்பி வந்தது. "இந்தியன் ஒஃபிசுக்கு மட்டும் நேரை கொண்டுபோய்க் குடுத்திட்டன். பொங்கலுக்குப் படம் போட அவையிட்டைத்தானே ரீல் வாங்கிறனாங்கள். நோட்டீஸ் குடுக்காமல் எப்பிடிக் கேக்கிறது?"

வெளியே போனது ஒன்றே ஒன்று. அது போன இடம் இந்தியத் துணைத் தூதரகம்.

அந்த நாட்களில் இங்கிருந்த இந்தியர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கூட்டம் போட்டவர்கள், எழுதியவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தால் திரும்பி வராது என்று. எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் பயம். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "நம்ம மூணு பேர் பாஸ்போர்ட்டும் அவங்க கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னான்.

எழுத்தாளர் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "எனக்கு ஒன்றும் இல்லை, பிட்டியா. இங்கே நான் மாவு தூக்குகிறவன். அவள் அங்கே தனியாக இருக்கிறாள்." பிறகு, "அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?"

தெரியவில்லை. இல்லாவிட்டால் பிழைத்தோம்.

அன்றே நானும் அண்ணியும் அண்ணை வீட்டுக்கு ஓடினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. "நான் கேட்டபடியால்தானே பிள்ளை சொன்னது" என்று அண்ணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். டிக்கியில் இருந்த நோட்டீஸ்களை வீட்டு அடுப்பில் தாள் தாளாகக் கொளுத்தினார். சமையலறையெல்லாம் புகை. நான் மேசையில் குனிந்து படியெடுப்பதற்கான புது ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் நோட்டீஸை மறுபடி எழுதினேன், அந்த இரண்டு வரி இல்லாமல். தேதி தப்பாகிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிப் பழையதை வாங்கிவிடுவது என் திட்டம்.

அண்ணை போனால் விவரம் கேட்பார்கள், பெண்பிள்ளை போனால் சந்தேகம் வராது என்று மறுநாள் நானே தூதரகத்துக்குக் கிளம்பினேன். அண்ணி துணைக்கு வந்தாள். அந்த வருடம் எங்களுக்குச் சப்வே பிளாட்பாரமே ஒரு பயம். புடவையைப் பார்த்தால் கத்துவார்கள், சில சமயம் தள்ளியும் விடுவார்கள் என்பதால் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் நிற்போம். அன்றும் நான்கைந்து பையன்கள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, ஒருவன் எங்கள் காலருகே துப்பினான். வேறு நாளாக இருந்தால் திரும்பி வீட்டுக்கே ஓடியிருப்பேன். அன்று அவனுக்காகச் செலவழிக்க என்னிடம் பயம் மிச்சம் இல்லை.

"உன் இந்தி எழுத்தாளருக்காக நான் ஷூவைக் கழுவணும்" என்று அண்ணி முணுமுணுத்தாள். அவள் அப்படிப் பேசினால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

வரவேற்பில் இருந்த பெண் தாளைப் பார்த்ததுமே, "தமிழா? அதெல்லாம் உள்ளே அவரிடம்தான் போகும்" என்று ஒரு அறையைக் காட்டினாள். ஆக, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

ஐம்பது வயது இருக்கும். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. எங்கள் நோட்டீஸ் அவர் மேசைமேலேயே கிடந்தது, அதன்மேல் தேநீர்க் கோப்பை.

"என்னம்மா, தமிழ்ச் சங்கமா?"

"ஆமா சார். அதுல தேதி தப்பாப் போட்டுட்டோம். புதுசு கொண்டு வந்திருக்கேன். பழசைக் கொடுத்துட்டீங்கன்னா…"

"தப்புன்னா கிழிச்சுப் போட்டாப் போச்சு. அதை ஏன் நீ தூக்கிட்டுப் போகணும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "சங்கத்துல கணக்குக் கேப்பாங்க சார்" என்று உளறினேன்.

"பலமான சங்கம்தான்."

கோப்பையை நகர்த்திவிட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரை எடுப்பதிலேயே குறியாக இருந்த நான், தேதியை மாற்றவே இல்லை.

"பழசுலயும் இதே தேதிதானே இருக்கு."

அண்ணி என் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"புதுசுல ரெண்டு வரி கம்மியா இருக்கே."

"இடம் பத்தலை சார்."

"கீழ அரைப் பக்கம் காலியாக் கிடக்கு."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் போகிறார், சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். லக்னோவில் நான் பார்த்தே இராத ஒரு வீடு கண்முன் வந்தது. ஒரு அம்மாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தமிழ் படிச்சு ரொம்ப நாளாச்சு. எழுத்துக் கூட்டவே நேரமாகுது. கண்ணாடியை வேற வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. அதன் வழியாகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய தாளை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். "ரீலுக்கு அடுத்த வாரம் ஆள் அனுப்பச் சொல்லு. வெண்பொங்கலா, சர்க்கரைப் பொங்கலா?"

"ரெண்டும் இருக்கு சார்" என்று அண்ணிதான் பதில் சொன்னாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருக்கும். முடியவில்லை. அந்தத் தாள் என் கைக்கு வந்துவிட்டது, அவர் படித்தது அவர் தலைக்குள்தானே இருக்கிறது? பொங்கல் விழாவுக்கு அந்த அதிகாரி குடும்பத்தோடு வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். எழுத்தாளர் வராமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்று அவரும் வந்திருந்தார். ஓடக்காரன் ஒருவன் கதையை அவர் இந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். சபை சிரித்த இடத்தில் அந்த அதிகாரி சிரித்தாரா என்று பார்த்துப் பார்த்து இரண்டு இடத்தில் கதையையே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் துணி துவைக்கும் அறையில் எழுத்தாளர் வாளிமேல் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். லக்னோவிலிருந்து தங்கை வீட்டுக்குத் தொலைபேசி வந்ததாம். மூன்று நிமிஷம், பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி இதுதான்: இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கணவர் எங்கே, எப்போது போனார், என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டிலும் விசாரித்தார்கள்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குள் ஒரே ஒரு எண்ணம். கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டார். சிரித்துப் பேசி, தாளையும் கொடுத்து, பொங்கலும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவரைச் சபித்தபடியே இருந்தேன். படிப்பு ஓடவில்லை. மின்தூக்கியில் தெரியாத இந்தியர் யாராவது ஏறினாலே படிக்கட்டில் இறங்கிவிடுவேன். தேர்தல் வரப்போகிறது, பிடித்தவர்களை விடுகிறார்கள் என்று செய்தி வந்தபோதும் நம்ப மனம் வரவில்லை. எழுத்தாளர் அந்தக் கிண்டல் தாளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். முணுமுணுப்பதும் நின்றுவிட்டது. இயந்திரங்களின் சத்தம் மட்டும்தான்.

பனி கரையத் தொடங்கிய ஒரு நாள், கூடையைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு கீழே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதிச் சிரிப்பில் கண்ணைத் துடைத்தார். மனைவிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்த இரண்டு பேர் வந்தது அதற்காகத்தான். பாஸ்போர்ட் கொடுக்குமுன் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களே, அந்தப் போலீஸ்காரர்கள். எதற்காக வந்தோம் என்று அவர்கள் சொல்லாததால் அந்த அம்மாளும் பயந்து, எங்களையும் பயமுறுத்திவிட்டாள்.

அதாவது கண்ணாடிக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவரைத் தேடிப் போய் நன்றி சொல்லவும் முடியவில்லை. சபித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

போன கோடையில் அந்த அம்மாள் வந்து இறங்கினாள். ஆட்சியும் மாறியிருந்தது. வரும் வசந்தத்தில் இருவரும் லக்னோவுக்கே திரும்பப் போகிறார்கள். பழைய பத்திரிகையில் அவருக்கு நாற்காலி காத்திருக்கிறது. போன வாரம் அவரே கேட்டார், "என் வாழ்க்கையை எழுதப்போகிறேன் என்றாயே, எழுதவில்லையா?" எனக்குத் தைரியம் இல்லை என்றேன். "இப்போதுதான் உன்னை நம்பி எழுதச் சொல்லலாம். பயம் என்றால் என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது" என்றார்.

ஆகவே அடுத்த மாதம் தொடங்குகிறேன். அவர் ஊருக்குப் போவதற்குள் பாதியாவது முடிக்க வேண்டும். ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். தமிழில் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அந்த அறைக்கு எடுத்துப் போய், அவருக்கும் அந்த அம்மாளுக்கும் இந்தியில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டிய பிறகே வேறு யார் கண்ணிலும் காட்டுவேன். முதல் பக்கத்தை நேற்றே எழுதிவிட்டேன், பொறுக்கவில்லை. அதில் பெயர் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். எந்தப் பெயரைப் போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை அவர் கையாலேயே எழுதட்டும்.